ஏர்சாஃப்ட் ஆடும்போது இரும்புப் பயிற்சித் தகடு போடலாமா? முதல் முறையாகச் சாமான் வாங்குகிறேன்

தாமிரபரணி_கரை:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் பாளையங்கோட்டை. இரண்டு வருடமாக இங்கிலாந்தில், ஸ்விண்டனில் மென்பொருள் சோதனை வேலை. வயது 27, எடை 68 கிலோ, உயரம் ஐந்தடி ஆறங்குலம். கண்ணாடி போடுகிறவன், இரண்டு கண்ணிலும் மைனஸ் மூன்று.

ஆபீஸ் நண்பர் ஒருவர் கூப்பிட்டு, போன மாதத்திலிருந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை காட்டு மைதானத்தில் ஏர்சாஃப்ட் ஆடினேன். சின்ன பிளாஸ்டிக் குண்டு சுடுகிற போலித் துப்பாக்கியோடு அணி பிரிந்து மோதுகிற ஆட்டம் அது. துப்பாக்கி, முகமூடி எல்லாம் வாடகைக்கு எடுத்ததுதான். சின்ன வயதில் தெருவில் கள்ளன் போலீஸ் ஆடியதற்கு அப்புறம் இப்படி மனம் விட்டு ஓடியது இப்போதுதான். ஒரு ஓக் மரத்துக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஐந்து நிமிடம், அந்த வாரம் முழுக்க மனதை விட்டுப் போகவில்லை. இதைத் தொடர்ந்து ஆட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

கேள்வி இதுதான். அதே நண்பர் ஜிம்மில் மர்ஃப் என்ற பயிற்சி செய்கிறார். ஒரு மைல் ஓட்டம், 100 புல்-அப், 200 தண்டால், 300 ஸ்குவாட், மறுபடி ஒரு மைல் ஓட்டம். எல்லாம் சுமார் 9 கிலோ அங்கியோடு. அந்த அங்கி பார்ப்பதற்கு ஏர்சாஃப்ட் பிளேட் கேரியர் (படைவீரர் கவசத் தகடு வைக்கிற மேலங்கி) மாதிரியே இருக்கிறது, உள்ளே முன்னும் பின்னும் ஒவ்வொரு வளைந்த இரும்புத் தகடு. நானும் அப்படி ஒன்று வாங்கி, தலா 4 கிலோ தகடு இரண்டு போட்டு, ஞாயிற்றுக்கிழமை அதையே அணிந்து ஆடினால் என்ன? எனக்கு ஜிம்முக்குப் போக நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. ஆறு மணி நேர ஆட்டத்தில் உடற்பயிற்சியும் முடிந்துவிடும், உண்மையான படைவீரர் தூக்கும் பாரம் எப்படி இருக்கும் என்றும் தெரியும்.

மொத்தம் 400 பவுண்டு சேர்த்து வைத்திருக்கிறேன். துப்பாக்கி, கேரியர், பூட்ஸ், கண் பாதுகாப்பு எல்லாம் இதற்குள் வர வேண்டும். எதை முதலில் வாங்குவது?


வல்லிபுரத்து_மணல்:

தம்பி, வேண்டாம். பயிற்சித் தகடு நல்ல சாமான்தான், என்னிடமும் ஒரு சோடி இருக்கிறது. ஆனால் அது செவ்வாய், வியாழன் பூங்காவில் நடக்கிறதுக்கு. ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குள் அதற்கு இடமில்லை. நான் லண்டன் ஹரோவில் இருக்கிறேன், வயது 46, பதினொரு வருடமாக ஆடுகிறேன். நீங்கள் கேட்கிற அதே காரியத்தை நான் செய்து பார்த்தவன்.

2018 யூலை. அந்தக் கோடையில் இங்கே புல்லெல்லாம் வைக்கோல் நிறத்தில் காய்ந்து கிடந்தது. நான் 8.75 இறாத்தல் (எடைப் பவுண்டு) தகடு இரண்டு, அதாவது ஏறக்குறைய 8 கிலோ, கேரியருக்குள் போட்டுக்கொண்டு போனேன். காலை ஆட்டம் ஒன்றும் தெரியவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாவது ஆட்டத்தில் விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பின்னால் குப்புறப் படுத்தேன். படுத்த உடனே முன் தகடு மேலே ஏறித் தொண்டைக்குழியில் முட்டியது. நெஞ்சும் முதுகும் இரும்பாலும் துணியாலும் மூடிக் கிடந்ததால் உடம்புச் சூடு போக வழியில்லை, வியர்வையின் ஆவி முழுக்க கழுத்து வழியாக முகத்துக்கு ஏறியது. இரண்டு நிமிடத்தில் காகிள்ஸ் முழுக்க வெள்ளை. என் கையைக்கூட என்னால் பார்க்க முடியவில்லை. பெருவிரலைக் காகிள்ஸின் கீழ் விளிம்புக்குள் விட்டுக் கொஞ்சம் தூக்கித் துடைக்கப் பார்த்தேன்.

மைதானத்து நடுவரான மார்ஷல் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆட்டத்தையே நிறுத்திவிட்டார். அதற்கு ஒரு கணம் முன்னால்தான் என் முகத்துக்கு முன்னால் இருந்த மரப்பட்டையில் மூன்று நான்கு குண்டு வந்து விழுந்த சத்தம் கேட்டது. அவர் என்னை அன்றைக்கு முழுக்க வெளியே இருக்கச் சொன்னார். சொன்னது சரி.

இங்கே பெரும்பாலான மைதானங்களில் வேக வரம்பு 0.20 கிராம் குண்டுக்கு நொடிக்கு 350 அடி. கிட்டத்தட்ட 107 மீற்றர், குண்டின் சக்தி 1.14 யூல். தோலில் பட்டால் சிவப்பு வட்டம் ஒன்று, இரண்டு நாளில் போய்விடும். கண்ணில் பட்டால் பார்வை போகலாம். நெஞ்சில் சுமந்த பாரம் கடைசியில் என் கண்ணில் வந்து முடியப் பார்த்தது என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன். பாரம் கூடினால் வியர்வை கூடும், வியர்வை கூடினால் கண்ணாடியில் ஆவி படியும், ஆவி படிந்தால் கை தானாகவே அங்கே போகும். நீங்கள் உள்ளே பவர் கண்ணாடியும் போடுகிறவர். உங்களுக்கு ஆவி படிய இரண்டு கண்ணாடி.

படைவீரர் பாரம் என்று எழுதியிருந்தீர்கள். அமெரிக்க இராணுவத்தின் ஈசாப்பி என்ற செராமிக் கவசத் தகடு, மீடியம் அளவு, ஒன்று ஏறக்குறைய 5.5 இறாத்தல், 2.5 கிலோ. நீங்கள் வாங்க நினைக்கிற இரும்புத் தகடு ஒவ்வொன்றும் 4 கிலோ. ஆகவே அது உண்மையான பாரமும் இல்லை. அந்த மர்ஃப் பயிற்சி மைக்கேல் மர்ஃபி என்ற அமெரிக்கக் கடற்படையின் சீல் என்ற சிறப்புப் படை அதிகாரியின் பெயரில் இருப்பது. 2005 யூனில் ஆப்கானிஸ்தானில் இறந்தவர். தன் கவசத்தை அணிந்தே அவர் இதைச் செய்தார், இந்தப் பயிற்சிக்கு அவர் வைத்திருந்த பெயரே 'பொடி ஆர்மர்'. அப்படிப்பட்டவர்கள் பல வருடம் உடம்பைத் தயார் பண்ணியவர்கள். பயிற்சித் தகடு 5.75, 8.75 என்று அரைகுறை எண்ணில் வருவதற்கும் இந்தப் பயிற்சிதான் காரணம். கேரியரின் எடையோடு சேர்த்தால் பெண்களுக்கு 14, ஆண்களுக்கு 20 இறாத்தல் கணக்கு வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது முக்கியம். பயிற்சித் தகடு வெறும் இரும்பு. எந்தத் தோட்டாவையும் நிறுத்துவதற்காகச் செய்தது இல்லை. யாரும் எங்கேயும் அதைக் கவசமென்று நம்பக் கூடாது.

இனி உங்கள் 400 பவுண். முதலில் கண். பெட்டியில் இஎன் 166 என்று தரக்குறி இருக்கும், அதோடு ஓர் எழுத்து. எஃப் என்றால் 0.86 கிராம் இரும்புக் குண்டை நொடிக்கு 45 மீற்றரில் அடித்துச் சோதித்தது, பி என்றால் 120 மீற்றர், ஏ என்றால் 190. பி-க்குக் கீழே இறங்க வேண்டாம். ஒற்றை லென்ஸ் வேண்டாம், இரட்டை லென்ஸ் வாங்குங்கள். நடுவில் காற்று அடைத்திருப்பதால் உள்பக்கம் குளிராது, ஆவி படிவது நன்றாகக் குறையும். பவர் கண்ணாடிக்கு மேலே போடுகிற அகலமான காகிள்ஸ் இருக்கிறது, காகிள்ஸுக்குள்ளேயே பவர் லென்ஸ் மாட்டுகிற சட்டமும் இருக்கிறது. காசு அதிகம் என்றாலும் நான் இரண்டாவதைத்தான் சொல்லுவேன். கம்பி வலைக் கண்ணாடியில் ஆவியே படியாது என்று கனபேர் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் உடைந்த குண்டின் தூள் வலைக்குள்ளால் வரும். கண்ணுக்கு முன்னால் நான் அதை வைக்க மாட்டேன். வாய்க்கும் பல்லுக்கும் வலை நல்லது, மூச்சு நேரே வெளியே போகும். துணியால் மூக்கைக் கட்டினால் மூச்சு மேலே ஏறிக் காகிள்ஸுக்குள்தான் போகும்.

இரண்டாவது சப்பாத்து. கணுக்கால் மூடிய, சேற்றில் வழுக்காதது. இங்கே காட்டுத் தரை எட்டு மாதம் ஈரம். மிச்சக் காசில் துப்பாக்கியும், சாமான் வைக்க நெஞ்சில் கட்டுகிற பைகளான செஸ்ட் ரிக் ஒன்றும். கேரியர்தான் வேண்டும் என்று மனது கேட்டால் வாங்குங்கள், உள்ளே ஃபோம் தகடு போடுங்கள். ஒரு சோடி சில நூறு கிராம்தான். கேரியர் சுருங்காமல் வடிவாக நிற்கும், நெஞ்சில் விழுகிற குண்டின் வலியும் தெரியாது.

உடுப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, என் பக்கத்துக் கதை ஒன்று. என் அம்மா என்னோடுதான் இருக்கிறா. ஊரில் யுத்தத்தில் பார்த்ததெல்லாம் பார்த்தபிறகு, புள்ளிபோட்ட இராணுவ உடுப்பை வீட்டுக் கொடியில் காயப்போட எனக்கு மனம் வரவில்லை. சாதாரணப் பச்சைச் சேர்ட்டும் மண்நிறக் காற்சட்டையும்தான் போடுகிறேன். காட்டுக்குள் அதுவே நன்றாக மறைக்கும், நிழலுக்குள் அசையாமல் இருந்தால் போதும். இந்தச் சாமான் எல்லாம் கராஜில் ஒரு பெட்டிக்குள். இந்த விளையாட்டை நான் விரும்புகிறேன். வீட்டில் ஒருவருக்கு அது நோகக் கூடாது என்றும் நினைக்கிறேன்.


முட்டிக்கு_வைத்தியம்:

மேலே அண்ணன் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் முட்டியைப் பற்றிச் சொல்கிறேன். கோயம்புத்தூர்க்காரி, பர்மிங்காமில் பிசியோதெரபிஸ்ட். ஏர்சாஃப்ட் ஆடியதில்லை. எடை அங்கி போட்டு நானே வாரம் இரண்டு நாள் நடக்கிறேன். அதனால் வந்த வலியோடு என்னிடம் வருகிறவர்களையும் பார்க்கிறேன்.

தம்பி, உங்கள் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். தகடு 8 கிலோ, கேரியர் ஏறக்குறைய 2, தண்ணீர் இரண்டு லிட்டர் 2, துப்பாக்கி 3, மேகசினும் குண்டும் பையுமாக 1. மொத்தம் 16 கிலோ. 68 கிலோ உடம்பில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. அதைச் சுமந்துகொண்டு நேராக நடப்பதில்லை நீங்கள். குந்துகிறீர்கள், எழுகிறீர்கள், சரிவில் ஓடி இறங்குகிறீர்கள், திடீரென்று திரும்புகிறீர்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். முட்டி கெடுவது இறங்கும்போது. ஜிம்மில் பழகாத ஒருவர் ஆறு மணி நேரம் இதைச் செய்தால், திங்கட்கிழமை மாடிப்படியில் பக்கவாட்டாகத்தான் இறங்குவார்.

பயிற்சிக்கென்று தனியாகச் செய்யுங்கள். உடல் எடையில் 5 சதவீதத்தில் ஆரம்பியுங்கள், உங்களுக்கு மூன்றரை கிலோ. சமதரையில் 20 நிமிட நடை, வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி. மூன்று வாரம் வலி இல்லாமல் போனால் கொஞ்சம் ஏற்றலாம். 10 சதவீதம் வந்ததும் அங்கேயே சில மாதம் நில்லுங்கள். 5.75 பவுண்டுத் தகடு இரண்டு என்றால் 5.2 கிலோ. ஆரம்பத்தில் ஒரு தகட்டை மட்டும் போட்டு நடக்கலாமா என்று கேட்பார்கள், கூடாது. கேரியர் இரண்டு தகட்டுக்கென்று தைத்தது, ஒன்று மட்டும் போட்டால் ஒரு பக்கம் இழுபடும். அதற்குப் பதில் இரண்டு தோளிலும் மாட்டுகிற சாதாரணத் தோள்பையில் மூன்று தண்ணீர் பாட்டில் வைத்து நடங்கள், காசும் மிச்சம். எடை அங்கியோடு ஓடுவதை முதல் வருடம் மறந்துவிடுங்கள்.

பக்கவாட்டு வாரை மூச்சை முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டு கட்டுங்கள். மூச்சை விட்ட நிலையில் கட்டினால் அப்புறம் நெஞ்சு விரிய இடமிருக்காது, அரை மூச்சிலேயே ஓடிக்கொண்டிருப்பீர்கள். கை விரல் மரத்தாலோ எறும்பு ஊர்வது போல இருந்தாலோ அப்போதே கழற்றுங்கள். தோள்வார் கழுத்தோரம் நரம்பை அழுத்துகிறது என்று அர்த்தம். பொறுத்துக்கொண்டு போகக் கூடாத அறிகுறி அது.

இதைப் படிக்கிற பெண்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தத் தகடுகள் தட்டையான நெஞ்சுக்கென்று வார்த்தவை. மேல் விளிம்பு மார்பில் பதிந்து வலித்தால் கேரியரை இன்னும் இறுக்காதீர்கள். இரண்டு பக்கமும் வளைவுள்ள தகடாகப் பாருங்கள், அல்லது மணல் நிரப்பிய மென்மையான அங்கி வாங்குங்கள். நான் இரும்பைக் கொடுத்துவிட்டு மணலுக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது.


தாமிரபரணி_கரை:

ரொம்ப நன்றி அண்ணா, நன்றி அக்கா. 16 கிலோ என்று கூட்டிப் பார்க்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இரும்பு வேண்டாம், முடிவு செய்துவிட்டேன். ஆனால் பயிற்சித் தகடு ஆசை போகவில்லை, கொஞ்ச நாள் தோள்பையில் நடந்துவிட்டு வாங்குவேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, கேரியர் எந்த அளவு? ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று போட்டிருக்கிறது, அது சட்டை அளவா? இரண்டு, பூங்காவில் கேரியர் போட்டு நடந்தால் யாராவது பயந்து போலீசைக் கூப்பிட்டுவிடுவார்களா? நான் விசாவில் இருக்கிறேன், சின்னப் பிரச்சினையும் வேண்டாம். துப்பாக்கி பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.


ஏழரை_வோல்ட்:

துப்பாக்கிக்கு நான் வருகிறேன். லெஸ்டரில் இருக்கிறேன், வீட்டில் நண்பர்களின் ஏர்சாஃப்ட் துப்பாக்கி கியர்பாக்ஸைப் பிரித்து மாட்டுவதுதான் எனக்குப் பொழுதுபோக்கு.

முதலில் சட்டம், விசா என்று சொன்னதால். உண்மைத் துப்பாக்கி மாதிரியே தோன்றும் போலிகளை விற்பதை இங்கே 2006ஆம் ஆண்டின் வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டம் தடுக்கிறது. ஏர்சாஃப்ட் ஆடுகிறவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. நீங்கள் ஆடுகிறவர்தான் என்று கடைக்காரர் உறுதி செய்ய வேண்டும், அதற்குப் பெரும்பாலும் யுகாரா என்ற ஏர்சாஃப்ட் ஆட்டக்காரர் பட்டியலில் பதிவு இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். பதிவு பெற்ற ஒரு மைதானத்தில் குறைந்தது மூன்று ஆட்டம், முதல் ஆட்டத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் 56 நாளாவது இருக்க வேண்டும். நீங்கள் இரண்டு முடித்துவிட்டீர்கள். மூன்றாவதையும் வாடகைத் துப்பாக்கியிலேயே ஆடிவிட்டு, நாள் கணக்கையும் பார்த்து, மைதானத்திலேயே படிவம் கேளுங்கள். அதற்கு முன்னால் வாங்கினால் பாதிக்கு மேல் பளிச்சென்ற நீலம், ஆரஞ்சு போன்ற நிறம் அடித்ததுதான் கிடைக்கும். அவசரப்பட்டு அதை வாங்கிய பலர் நாலு மாதத்தில் பாதி விலைக்கு விற்கிறார்கள்.

சக்தி வரம்பு 2017இல் சட்டத்தில் வந்தது. தொடர்ச்சியாகச் சுடக்கூடியதற்கு 1.3 ஜூல், ஒவ்வொன்றாகச் சுடுவதற்கு 2.5 ஜூல். மைதானத்து 350 அடி இதற்குள் அடங்கும். ஆனால் ஸ்பிரிங்கை நீங்களே மாற்றுகிற எண்ணம் வந்தால் இந்த எண்கள் நினைவிருக்கட்டும்.

முதல் துப்பாக்கிக்கு, அமெரிக்க இராணுவத்தின் எம்4 துப்பாக்கி வடிவில் வருகிற மின்சாரத் துப்பாக்கி போதும். தைவான் ஜி அண்ட் ஜி-யின் ஆரம்ப நிலை மாடல்கள், ஸ்பெக்னா ஆர்ம்ஸ் இரண்டும் நல்லவை, உதிரி பாகம் எங்கும் கிடைக்கும். உடல் பிளாஸ்டிக்காக இருந்தால் அதை மட்டம் என்று நினைக்காதீர்கள், மாலை நாலு மணிக்கு உங்கள் கை நன்றி சொல்லும். பேட்டரி 7.4 வோல்ட் லிப்போ (லித்தியம் பாலிமர்) வாங்குங்கள். 11.1 வேகமாகச் சுடும், ஆரம்ப நிலை கியரைச் சீக்கிரம் தேய்க்கும். லிப்போவை நெருப்புத் தாங்கும் பையில் வைத்துச் சார்ஜ் செய்யுங்கள், சார்ஜ் ஆகும்போது வீட்டை விட்டுப் போகாதீர்கள், தூங்காதீர்கள். குண்டு 0.25 கிராம், மக்கும் வகை. காட்டு மைதானங்களில் பெரும்பாலும் அதைத்தான் அனுமதிப்பார்கள்.

துப்பாக்கியை வெளியே கொண்டுபோகும்போது முழுக்க மூடிய பைக்குள், பேட்டரி கழற்றி, மேகசின் தனியாக. ரயிலில் போனாலும் காரில் போனாலும் இதேதான். பொது இடத்தில் தகுந்த காரணம் இல்லாமல் போலித் துப்பாக்கி வைத்திருப்பதும் இங்கே குற்றம். வழியில் டீ குடிக்க இறங்கினாலும் பையைத் திறக்க வேண்டாம்.


வல்லிபுரத்து_மணல்:

தம்பியின் இரண்டு சந்தேகத்துக்கு.

பூங்காவில் கேரியர் போட்டு நடக்கிறது குற்றம் இல்லை. ஆனால் பச்சை, கறுப்பு கேரியரைப் பார்த்து ஒரு பிள்ளையின் தாய் பயப்படலாம், அவவைக் குறை சொல்ல முடியாது. நான் பயிற்சிக்குச் சாம்பல் நிறத்தில் பவுச் என்கிற சின்னப் பை எதுவும் இல்லாத அங்கி ஒன்று தனியாக வைத்திருக்கிறேன். அதற்கு மேலே தொளதொளவென்று ஒரு மழைச் சட்டை. ஆறு வருடத்தில் ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. மைதானத்துக்குப் போகும்போதும் கேரியரைப் பையில் கொண்டுபோய் அங்கேதான் போடுகிறேன்.

அளவு. சட்டை அளவு இல்லை, தகட்டின் அளவு. கண்ணாடிக்கு முன்னால் நில்லுங்கள். இரண்டு காறை எலும்பும் சேருகிற பள்ளத்தில் விரல் வையுங்கள், தகட்டின் மேல் விளிம்பு அங்கே வர வேண்டும். கீழ் விளிம்பு தொப்புளுக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே முடிய வேண்டும், இல்லாவிட்டால் குந்தும்போது இடுப்புவார் அதைத் தள்ளிக் கழுத்துக்கு ஏற்றும். அகலம், ஒரு முலைக்காம்பிலிருந்து மற்றதுக்கு. ஸ்மால் 22க்கு 30 சென்ரிமீற்றர், மீடியம் 24க்கு 32. உங்கள் உயரத்துக்கு ஸ்மாலாக இருக்கலாம், ஆனாலும் அளந்து பாருங்கள். பெரிதாக இருந்தால் தோளில் துப்பாக்கியை வைக்க இடம் இருக்காது. மேல் மூலை இரண்டும் நன்றாகச் சரித்து வெட்டிய தகடாக எடுத்தால் அந்த இடைஞ்சல் இன்னும் குறையும்.

பயிற்சித் தகடு பிறகு வாங்கும்போது ஒன்று கவனியுங்கள், எல்லாத் தகடும் எல்லாக் கேரியருக்குள்ளும் போகாது. இரும்பு ஒரே அளவில் வார்த்தது, ஃபோம் மாதிரி வளைத்துத் திணிக்க முடியாது. கேரியரையும் கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். உள்ளே ஆடினால் பழைய துவாய் ஒன்றை மடித்துப் பின்னால் வையுங்கள், ஆடுகிற இரும்பு காறை எலும்பில் இடித்துக்கொண்டே இருக்கும். மழையில் நனைந்தால் வீட்டுக்கு வந்த உடனே வெளியே எடுத்துத் துடையுங்கள். என்னுடையதில் பெயின்ற் உரிந்த இடத்தில் கறள் பிடித்து, கேரியரின் உட்பக்கம் இன்றைக்கும் செம்மண் நிறம்.


தாமிரபரணி_கரை:

அளந்துவிட்டேன் அண்ணா. அகலம் 21, நீளம் 29. ஸ்மால்தான். சனிக்கிழமை முதலில் கண்ணாடிக் கடைக்குப் போய், காகிள்ஸுக்குள் மாட்டுகிற சட்டத்துக்கு மைனஸ் மூன்று லென்ஸ் எவ்வளவு ஆகும் என்று கேட்கிறேன். மூன்றாவது ஆட்டம் அடுத்த மாதம் கடைசி ஞாயிறு, 56 நாள் அதற்குள் தாண்டிவிடும். துப்பாக்கி அதற்கு அப்புறம்.